வாய் நிறைய ஆணி

ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார் சோபாக்காரர். குட்டை ஆணிகள், தலை மட்டும் அகலம். நாக்கால் ஒன்றைப் புரட்டி, தலைப்பக்கம் வெளியே வரும்படி உதட்டுக்குத் தள்ளுகிறார். காந்தம் வைத்த சுத்தியலின் முனை உதட்டருகே வந்து அதை ஒட்டி எடுத்துக்கொண்டு போகிறது. ஒரே தட்டு. அடுத்தது. இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கிறது, வலது கையில் சுத்தியல் இருக்கிறது, மூன்றாவது கைக்கு மனிதன் எங்கே போவான்? அந்த வேலையை வாய் பார்த்துக்கொள்கிறது.

முதல்முறை வருகிறவர்கள் பதறிப்போய், விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். பதில் உடனே வராது. வாயிலிருக்கும் ஆணி தீர வேண்டும். கேட்டவர் கேள்வியையே மறந்திருக்கும் நேரத்தில் சொல்வார்: "இத்தன வருஷத்துல ஒண்ணுகூட உள்ள போனதில்ல. வெளிய துப்பினதுதான் தப்பாப் போச்சு." இரண்டாவது வாக்கியம் தொழில் சம்பந்தப்பட்டது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. முன்னறை கடை, பின்னால் குடித்தனம், நடுவே ஒரு திரைச்சீலை. அதுவும் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன சோபாத் துணியில் தைத்ததுதான். தெருவே அவரைச் சோபாக்காரர் என்கிறது. மருந்துக்கடையில் பில் போடும் அவர் மனைவிக்கு இந்தப் பட்டம் பிடிக்காது. "இவர் என்னமோ பத்து சோபா போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி" என்பார். அதுவும் சரிதான். சோபாக்காரர் சோபாவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டப்பாதான் அவர் ஆசனம். செய்து முடித்த சோபாவை முழங்காலால் அழுத்துவார், முஷ்டியால் குத்துவார், குனிந்து காதை வைத்து உள்ளே ஸ்பிரிங் முனகுகிறதா என்று கேட்பார். உட்கார்ந்து பார்க்கக் கூடாதா அண்ணே என்றால், உட்கார்ந்தால் எல்லாச் சோபாவும் நல்ல சோபாதான் தங்கச்சி, கேட்டால்தான் தெரியும் என்பார்.

பழைய சோபாவைப் பிரிக்கும்போது வயிற்றிலிருந்து ஏதாவது வரும். சீப்பு, பேனா மூடி, ஒற்றைக் கம்மல், பொம்மைக் காரின் சக்கரம். எல்லாவற்றையும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டுவைத்து, சோபாவோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். உடைந்த கிரேயானைக்கூட விடமாட்டார். திரும்பிப் போகும்வரை அந்தக் கிண்ணம் அவருடைய ஒரே மகளின் சொத்து. சின்ன வயதில் அவள் ஒவ்வொன்றாக எடுத்து, இது யாருடையது, எப்படிக் காணாமல் போனது, தேடி யார் அழுதது என்று கதை கட்டுவாள். ஒற்றைக் கம்மலுக்கு ஒரு கல்யாணமே நின்றுபோயிருக்கிறது. அப்பா வாய் நிறைய ஆணியோடு "உம்" கொட்டுவார்.

அந்த 'உம்'மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆணி வாய்க்கு வேறு பேச்சு வராது. ஆனால் அந்த ஒன்றரை எழுத்தில் அவர் ஒரு பாஷையே வைத்திருந்தார். இழுத்தால் ஆச்சரியம். மூக்கால் வந்தால், சும்மா அளக்காதே என்று அர்த்தம். கடைசியில் லேசாக மேலே ஏறுகிற சின்ன 'உம்' என்றால், அப்புறம் என்ன ஆச்சு, மேலே சொல்லு. மகளுக்கு எல்லாம் அத்துபடி. எதிர்வீட்டில் அரிசி களைந்துகொண்டே கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி புரிய ஆரம்பித்திருந்தது.

சினிமாவும் அவருக்கு மகள் வாய்வழியாகத்தான். விளக்கை அணைத்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். கல்யாணமான புதிதில் மனைவியைப் படத்துக்கு அழைத்துப்போய், பெயர் போடும்போது தூங்கி, எல்லோரும் எழுந்து போன பிறகு விழித்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் தோழிகளோடு போகப் பழகிவிட்டார். மகள் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். சொல்வாள் என்றால், நடிப்பாள். துணி போர்த்தாத சோபாவின் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்து, குதிரை வந்தால் குதித்து, அழுகை வந்தால் அழுது. படத்தில் இல்லாத தங்கை அவள் சொல்லும்போது பிறப்பாள், செத்துப்போன மாமா பிழைத்து எழுவார். இந்தக் கதையைச் சோபாக்காரர் வாடிக்கையாளர்களிடம் சொல்ல, அதே படத்தைப் பார்த்தவர்கள் அப்படியொரு காட்சியே கிடையாதே என்பார்கள். "நீங்க தூங்கியிருப்பீங்க" என்று விடுவார் சோபாக்காரர். சொல்கிற ஆளைப் பார்த்தீர்களா!

அவள் எட்டாம் வகுப்பு முடித்துப் பெரிய வகுப்புக்குப் போனபோது அங்கே ஒரு டீச்சர் வாய்த்தார். மொழிப்பாடம் எடுப்பவர். பிள்ளைகள் வைத்த பெயர் 'படம் போடுற டீச்சர்'. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், ஜன்னல்களுக்குக் கறுப்புத்துணி கட்டி, சுவரில் படம் காட்டுவார். வெவ்வேறு நாட்டுப் பழைய படங்கள். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, பேச்சுகூட அளந்துதான். முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதிலை அடுத்த வெள்ளிக்கிழமை சொன்னால் போதும், ஒரு வாரம் மனசில் போட்டு வையுங்கள் என்பார். என் மகன் அப்போது கீழ்வகுப்பு. அவனுக்கு அந்தப் படங்கள் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கப்போவதும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் சோபாக்காரர் கடையின் கதவு பாதி இறங்கிவிடும். அவசரம் என்று யார் வந்து நின்றாலும் நாளைக்கு வாங்க என்று கையால் சைகைதான். உள்ளே கதை ஓடும். இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். இதை நான் பின்னால் நினைத்துப் பார்த்துச் சொல்லவில்லை, அப்போதே பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று பேர் உட்காரும் சோபாவைத் தனியாகத் தூக்கப் போய், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். மனைவிக்கு மருந்துக்கடையில் லீவு இல்லை. மகள்தான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அவரைப் புரட்டிவிட்டாள், ஊட்டினாள், தலையணையை மாற்றி மாற்றி வைத்தாள். பதினாலு வயசு. முகம் சுளிக்கவில்லை என்று தெருவே பேசியது. எழுந்து மறுபடி பெயின்ட் டப்பாவில் அவர் உட்கார ஆரம்பித்த புதிதில் வந்தது அந்த வெள்ளிக்கிழமை.

படத்தில் ஒரு அப்பாவும் மகளும். அப்பா படுத்த படுக்கை. மகள் ஊரார் துணியைத் துவைத்து அவரைக் காப்பாற்றுகிறாள். தன் மகள் சொல்லச் சொல்ல சோபாக்காரர் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவ ஒரு தலகாணிய எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போறாப்பா. அவர் கண்ணை மூடிட்டு இருக்கார். கிட்ட போய் நிக்கறா. ரெண்டு கையாலயும் தலகாணிய அவர் மூஞ்சிக்கு நேரா கொண்டுபோயி..."

சரசரவென்று தரையெல்லாம் ஆணி. மொத்தத்தையும் துப்பியிருந்தார்.

"என்ன எழவு இது? இதையா உங்களுக்குக் காட்றாங்க?"

"இருப்பா. இன்னும் முடியல."

"போதும்."

"மீதியக் கேளுப்பா."

"போதும்னு சொல்றேன்ல!"

அவர் அவளிடம் குரல் உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். முதுகு வளைக்க முடியாத அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டுத் திரைச்சீலையை விலக்கி உள்ளே போனாள்.

அவருக்கு வந்தது கோபம் இல்லை, பயம். எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எல்லோருக்கும் அது கோபமாகத்தான் தெரிந்தது. மறுநாள் வேன் சீட் தைக்கக் கொடுத்திருந்த டிராவல்ஸ்காரர் வந்தார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கமிட்டியில் இருப்பவர், வாய்க்குப் பூட்டு கிடையாது. சோபாக்காரர் மனசு தாங்காமல் அவரிடம் சொல்லிவிட்டார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. இரண்டே நாளில், பெற்ற அப்பனைக் கொல்ல வகுப்பில் சொல்லித் தருகிறார்கள் என்று பேச்சு பள்ளிக்கூட வாசல் வரை போய்விட்டது.

கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படத்தை ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை. அதனால் யாருக்கும் பேசுவதற்குத் தடையும் இல்லை. ஒருவர், பரீட்சையில் இதிலிருந்து கேள்வி வருமா என்றார். ஒரு அம்மாவுக்கு, அந்தப் படங்களில் யாரும் சிரிப்பதே இல்லையாமே என்று குறை. ஒரு அப்பா, என் பையன் இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறான் என்று வருத்தப்பட்டார். வரிசையாக எல்லோரும் பேசிவிட்டு, "நம்ம சோபாக்காரரே சொல்லட்டும்" என்று அவரை எழுப்பிவிட்டார்கள். கூட்டத்தில் பேசிப் பழகாத மனுஷன். தலையணைக் காட்சியை மட்டும் நாலு வாக்கியத்தில் சொன்னார்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் காட்சிய உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"என் பொண்ணு. அவ பொய் சொல்ல மாட்டா."

டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "உங்க பொண்ணு பொய் சொல்லல. தப்பு என்னோடதுதான். உங்ககிட்ட எல்லாம் முதல்லயே பேசியிருக்கணும்" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான், ஒப்புக்கொண்டாள் பார் என்றது கூட்டம். கறுப்புத்துணி கழன்றது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் கணக்குக்குப் போயின. அடுத்த வருஷம் டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

பிறகு வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. மகள் அதே நேரத்துக்கு வந்தாள், அப்பாவுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், முதுகுக்குத் தைலம் தேய்த்தாள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, பாடம்தான்" என்றாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. கதை மட்டும் நின்றுபோனது. சோபா வயிற்றிலிருந்து வந்த கிண்ணத்துச் சாமான்கள் கதையில்லாமல் அப்படியே சொந்தக்காரர்களுக்குத் திரும்பிப் போயின. அவர் மனைவி ஒருநாள் என் வீட்டு வாசலில், அவர் காதில் விழும்படியே சொன்னார்: "ஊருக்கெல்லாம் உட்கார இடம் பண்ணிக் குடுக்கற மனுஷன், ஒரு டீச்சரை உட்கார விடல." சோபாக்காரர் அன்றைக்குச் சுத்தியல் தட்டவே இல்லை.

இந்த வருஷம், ஒரு மத்தியான வேளையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் துணி மாதிரிகள் இருந்தன, ஆனால் பேச்சு துணியைப் பற்றி இல்லை. அந்தப் படம் எங்காவது கிடைக்குமா தங்கச்சி, தப்பு என்று சொல்லிவிட்டோமே, என்ன என்றுதான் பார்த்துவிடலாம் என்றார். கூட்டத்தில் அடிபட்ட பெயரை வைத்து இணையத்தில் தேடி எடுத்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவரே புதிதாகத் துணி மாற்றிக் கொடுத்த என் சோபாவில் உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். குறட்டை வரும் என்று காத்திருந்தேன். மனிதர் கண் சிமிட்டவில்லை.

அந்த இடம் வந்தது. மகள் தலையணையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறாள். கதவு மூடுகிறது. படம் அந்த மூடிய கதவையே காட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. வெகுநேரம் கழித்துக் கதவு திறக்கிறது. வெறுங்கையோடு வந்து வாசற்படியில் உட்காருகிறாள். மறுநாள் வெயிலில் ஒரு மெத்தை காய்கிறது. படம் முடிந்துவிட்டது.

இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். கதவு மறுபடி மூடியது.

"உள்ள நடக்கறது எங்க?"

"காட்டல அண்ணே. அவ்வளவுதான் படம்."

மூன்றாம் தடவையும் பார்த்தார். பிறகு மெல்ல, "அப்போ அது அவளோடது" என்றார்.

அந்தக் கூட்டத்தில் டீச்சர் வாயெடுத்து நிறுத்திய வார்த்தை எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்படியொரு காட்சியே படத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். பழி அந்தப் பெண் தலையில் விழுந்திருக்கும். அப்பாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்ட பெண் மனசில் இப்படியா ஓடியது என்று ஊர் கேட்டிருக்கும். டீச்சர் பழியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சோபாக்காரருக்கும் புரிந்திருக்க வேண்டும். துணி மாதிரிகளை என் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார்.

தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தார். நான் சொன்னது தப்பு, அந்தக் காட்சி படத்தில் கிடையாது என்றார். நடந்தது நடந்துபோச்சு, கமிட்டி முடிவை எல்லாம் இப்போது கிளறக் கூடாது என்றாராம் அவர். கூடவே, "வந்ததுதான் வந்தீங்க, ஆபீஸ்ல நாலு நாற்காலி கிழிஞ்சு கிடக்கு, அதையாவது பாருங்க" என்று தள்ளிவிட்டாராம். பாவமன்னிப்பு கேட்கப் போன மனுஷன் நாலு நாற்காலியோடு திரும்பி வந்தார். சிரிப்பு வருகிறது, ஆனால் சிரிக்க முடியவில்லை.

டீச்சரையும் விடவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய், புதுப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பிடித்தார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டதற்கு, ஒன்றும் சரியாகச் சொல்ல வரவில்லை என்றார். டீச்சருக்குக் கோபம் இல்லையாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "கதவுக்குப் பின்னாடி என்ன நடந்திருக்கும்னு அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லச் சொல்லியிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை வரவே இல்ல. மீதிய உங்ககிட்டயாவது சொன்னாளா?"

அன்று சாயங்காலமே மகளிடம் கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பாதியில் நிறுத்தினாயே, தலையணையைக் கொண்டுபோய் அப்புறம் என்ன செய்தாள் என்று. அவள் சிரித்துக்கொண்டே, "மறந்துடுச்சுப்பா" என்றாள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மாவு வாங்கிக்கொண்டு வந்தவளைத் தெருமுனையில் நிறுத்தி, நிஜமாகவே மறந்துவிட்டதா என்று கேட்டேன். "மறக்கல அத்தை. அது அப்பாவுக்குன்னு யோசிச்சு வெச்சது. படம் பாக்கறதுக்கு முன்னாடியே, அவர் படுத்திருந்தப்போ." மாவுப் பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு இப்போது பதினாறு முடிந்துவிட்டது. அப்பாவைவிட உயரம்.

சோபாக்காரருக்கு இப்போது வேலை நிறைய. ஆணிக்குப் பதில் துணியில் பின் அடிக்கிற ஸ்டேப்பிள் துப்பாக்கி வாங்கிவிட்டார். படபடவென்று அரை நாளில் ஒரு சோபா முடிகிறது. அவருக்கு அதில் ஏகப் பெருமை, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுட்டுக் காட்டுகிறார். ஆணி அடிக்கிற வேலை பழைய மர நாற்காலிகளின் ஓரத்துக்கு மட்டும்தான், அதையும் காலையிலேயே முடித்துவிடுகிறார்.

ஆனாலும் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வந்தால் துப்பாக்கியைக் கீழே வைக்கிறார். அடிப்பதற்கு எதுவும் இல்லாத அந்த வேளையில், டப்பாவிலிருந்து ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார். ஸ்பிரிங் மட்டும் கட்டிய ஒரு சோபாவைக் கதவுக்கு நேராக இழுத்துப் போடுகிறார். எதிரே பெயின்ட் டப்பாவில் உட்காருகிறார்.

நேற்றும் பார்த்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. மகள் வந்தாள். "சாப்பிட்டியாப்பா?" என்றாள். "உம்." "முதுகு எப்படி இருக்கு?" "உம்." சோபாவைச் சுற்றிக்கொண்டு நடந்து திரைச்சீலைக்குப் பின்னால் போனாள். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டு அடங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை. திரைச்சீலைப் பக்கம் தலையைச் சாய்த்து, கடைசியில் லேசாக மேலே ஏறுகிற அந்தச் சின்ன 'உம்'மைக் கொட்டினார்.